காட்பாடியில் வாடகைக்கு: கீழே கடையுள்ள புது அபார்ட்மென்டா, உள்தெருத் தனி வீடா?

பிள்ளையை விஐடியில் சேர்த்துவிட்டு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வீடு தேடி வருகிறவர்கள் குழம்புவது இதில்தான்.

செலவு
அபார்ட்மென்ட்: வாடகையோடு பராமரிப்பு, லிப்ட், ஜெனரேட்டர் என்று மாதாமாதம் ஏறும்.
தனி வீடு: வாடகை, கரன்ட் பில், அவ்வளவுதான்.
அட்வான்ஸ் இரண்டிலும் உண்டு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கையெழுத்து போடும் முன் ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படியுங்கள்.

தண்ணீர்
இதில் நான் பிடிவாதக்காரன். பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல்.
அபார்ட்மென்ட்: போர் வற்றினால் லாரித் தண்ணீர், செலவு எல்லார் தலையிலும்.
தனி வீடு: போர் உங்களுக்கு மட்டும். மோட்டார் கெட்டால் அலைச்சலும் உங்களுக்குத்தான்.
முடிந்தால் மே மாதத்தில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். ஜூலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வெயில்
தனி வீட்டில் மொட்டை மாடிச் சூடு நேரே இறங்கும். அபார்ட்மென்டில் நடுத் தளம் தேவலை.

சத்தம்
கீழே டீக்கடையும் ஜெராக்ஸும் இருப்பது வசதி. ராத்திரி பைக் சத்தமும் கூடவே வரும்.

மூன்று நான்கு மாணவிகள் சேர்ந்து தங்கினால் வாட்ச்மேன் உள்ள அபார்ட்மென்ட். பாட்டியோடு குடும்பமாக வந்தால், படியேற வேண்டாத தனி வீடு.