மதுரையில் ஹோம் டியூஷன் தேடுபவர்களுக்கு: டெமோ எடுப்பவர் ஒருவர், பாடம் எடுப்பவர் வேறொருவர்

"வீட்டுக்கே வந்து சொல்லித் தருகிறோம்" என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியும் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போட்டும் ஆள் பிடிக்கிற ஒரு டியூஷன் ஏஜென்சி எங்களிடமிருந்து 13,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிவதுதான் முக்கியம் என்றும் நினைக்கிறேன். பெயர் நாளைக்கே மாறிவிடும், விதம் மாறாது.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. எட்டாம் வகுப்பு வரை கணக்கில் சுமாராகப் போய்க்கொண்டிருந்தவள், இந்த வருடம் இயற்கணிதம் தொடங்கியதும் தடுமாறினாள். பல்லுறுப்புக் கோவை, மீதித் தேற்றம், காரணித் தேற்றம், தொகுமுறை வகுத்தல் (x-ஐ எழுதாமல் அதன் முன்னால் உள்ள எண்களை மட்டும் வைத்து வகுக்கும் சுருக்க முறை) என்று ஒரே பாடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது. அடியில் ஒன்று புரியவில்லை என்றால் மேலே எதுவும் நிற்காது. பத்தாம் வகுப்பில் இதே இயற்கணிதம் இருபடிச் சமன்பாடு, மூன்று மாறிகளில் சமன்பாடு, அணிகள் என்று இன்னும் பெரிதாகிறது. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் ஆள் தேடினோம்.

ஏஜென்சியில் பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். "பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ள கவர்மென்ட் ஸ்கூல் சார் வருவார் மேடம். டெமோ கிளாஸ் பாருங்க, பிடிச்சா மட்டும் பணம் கட்டுங்க." சொன்னபடியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சார் வந்தார். நன்றாகவே நடத்தினார், அதை மறைக்க மாட்டேன். ஒரு சதுரத்தை வரைந்து, பக்கத்தை a என்றும் b என்றும் பிரித்து, உள்ளே நான்கு துண்டாக்கிக் காட்டினார். ஒரு துண்டு a², ஒரு துண்டு b², மீதி இரண்டும் ab. "(a + b)²-ஐ a² + b²-னு எழுதினா இந்த ரெண்டு செவ்வகத்தையும் விட்டுட்டோம்னு அர்த்தம் பாப்பா" என்றார். (a + b)² = a² + 2ab + b² என்ற முற்றொருமை எங்கிருந்து வருகிறது என்று என் மகள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அன்று இரவே பணம் கேட்டு அழைப்பு வந்தது. பதிவுக் கட்டணம் 1,500. மாதம் 4,000 வீதம் மூன்று மாத முன்பணம் 12,000. "சாருக்கு நிறைய டிமாண்ட் மேடம், இப்போ கட்டினாதான் ஸ்லாட் நிக்கும்" என்றார்கள். ஜிபே எண் ஏஜென்சி பெயரில் இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. ரசீது அப்புறம் வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை.

அந்த சாரும் அப்புறம் வரவே இல்லை. உடம்பு சரியில்லை என்றார்கள், பிறகு தேர்வுப் பணி என்றார்கள். அவருக்குப் பதிலாக ஒரு பொறியியல் கல்லூரி மாணவரை "தற்காலிகமாக" அனுப்பினார்கள். கடைசி வரை அவர்தான். அந்தப் பையன் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. முதல் மாதச் சம்பளத்தில் பாதியை ஏஜென்சி கமிஷனாக எடுத்துக்கொண்டதாகவும், டெமோவுக்கு வந்த சார் டெமோ மட்டும்தான் எடுப்பார், அதற்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்வார் என்றும் அவரே என் கணவரிடம் சொல்லிவிட்டார்.

ஆனால் பாடம் நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். கைடைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஒரு தாளில் கணக்கைப் போடுவார். மகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். வாரக் கடைசியில் அதே கணக்குகளையே டெஸ்ட் வைப்பார். 25-க்கு 24, 25-க்கு 25. ஏஜென்சி அந்த விடைத்தாளைப் படம் பிடித்து, நட்சத்திரம் ஒட்டி, "புரோகிரஸ் ரிப்போர்ட்" என்று எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும். அதைப் பார்க்கிற எந்தப் பெற்றோருக்கும் பிள்ளை முன்னேறிவிட்டது என்றுதான் தோன்றும். தோன்றவேண்டும் என்பதற்காகத்தான் அனுப்புகிறார்கள்.

காலாண்டுத் தேர்வில் 100-க்கு 31.

விடுமுறையில் என் அக்கா மகன் வந்திருந்தான். எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறவன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தி, இதுல ஒரு அடித்தல் கூட இல்லையே" என்றான். எனக்கு அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல், நோட்டில் இருந்த ஒரு கணக்கை எடுத்தான். x³ − 2x² − 5x + 6-ஐக் காரணிப்படுத்த வேண்டும். இதற்கு x = 1 போட்டால் 0 வரும், ஆகவே (x − 1) ஒரு காரணி. நோட்டில் சரியாக இருந்தது. அவன் இரண்டு குறியை மட்டும் மாற்றி, x³ + 2x² − 5x − 6 என்று எழுதிக் கொடுத்தான்.

அவள் யோசிக்காமல் தொகுமுறை வகுத்தலைத் தொடங்கி, இடது பக்கம் 1 என்று போட்டாள். 1, 3, −2 என்று வந்து, கடைசியில் −8 வந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு ரப்பரால் அழித்துவிட்டு 0 என்று எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, "கடைசியில 0தான் வரணும்னு சார் சொல்லியிருக்காங்கண்ணா" என்றாள்.

மீதி 0 வந்தால்தான் அது காரணி, வராவிட்டால் வேறு எண்ணைச் சோதிக்க வேண்டும், இங்கே −1 போட்டால் 0 வந்திருக்கும் என்பதுதான் அந்தப் பாடமே. அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய டியூஷன், விடையைப் பொய்யாக முடித்துவைக்கப் பழக்கியிருந்தது. 13,500 ரூபாயைவிட என் மனதை அறுத்தது அந்த ரப்பர் தடம்தான்.

இன்னும் கீழே போய்ப் பார்த்தான். 3x = 12 என்றால் x எவ்வளவு? 9 என்று எழுதினாள். "3 அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்" என்பது அவள் விளக்கம். −(x − 3) என்பதை −x − 3 என்று எழுதினாள். இவை ஏழாம், எட்டாம் வகுப்பு விஷயங்கள். பல வாரங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தவர் ஒரே ஒரு கணக்கை அவளையே தனியாகப் போடவிட்டிருந்தால், முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரிடம் போகிறாள். நான்கு பிள்ளைகள், மாதம் 800 ரூபாய், மாதக் கடைசியில் கொடுத்தால் போதும். அந்த அம்மா முதலில் காரணித் தேற்றத்தைத் தொடவே இல்லை. முழுக்களையும் பின்னங்களையும் கொடுத்து எங்கே இடறுகிறாள் என்று பார்த்தார். "அந்தப் பக்கம் போனால்" என்ற பேச்சையே நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் "இருபுறமும் 3-ஆல் வகுக்க", "இருபுறமும் 5-ஐக் கூட்ட" என்று எழுத வைக்கிறார். விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். நோட்டு முழுக்க அடித்தலும் சிவப்பு மையும். வேகம் குறைவுதான், ஆனால் −8 வந்தால் இப்போது −8 என்றே எழுதுகிறாள்.

டியூஷனுக்கு ஆள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே நோட்டை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் தவறு ஒன்றுகூட அதில் இல்லை என்றால் பிள்ளை யோசிக்கவில்லை, எழுதி மட்டும்தான் வைத்திருக்கிறது. ஒரு கணக்கில் எண்ணையோ குறியையோ மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாற்றியதைப் பார்த்ததும் பிள்ளை விழிக்கிற விழியிலேயே தெரிந்துவிடும். மாற்றிய கணக்கு சில சமயம் சுலபமாகப் பிரியாது. பிள்ளை "இது பிரியலையே" என்று சொன்னால் அதுவும் நல்ல பதில்தான்.

"கவர்மென்ட் ஸ்கூல் சார்" என்று விளம்பரம் செய்தாலே விலகிவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. அப்படிச் சொல்கிறவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் சட்டத்தை மீறி ஆள் அனுப்புகிறார். டெமோ எடுத்தவரே தொடர்ந்து வருவாரா என்பதை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். மூன்று மாத முன்பணம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பதிவுக் கட்டணம் திரும்ப வராது மேடம், மீதிக்கு வேற சார் அனுப்புறோம்" என்றார்கள். வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். பாதியில் நின்றால் மீதிக் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தரவேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது 50 மாணவர்களுக்கு மேல் பயிற்சி தரும் மையங்களைப் பற்றியது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் இந்தத் தரகர்கள் அதைக் காட்டினால் சிரிக்கிறார்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். தமிழிலேயே பேசலாம். ஏஜென்சி "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று பதில் கொடுத்திருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். டெமோ சார் பற்றி அவர்கள் அனுப்பிய செய்திகள், ஜிபே பரிவர்த்தனை விவரம், நட்சத்திரம் ஒட்டிய புரோகிரஸ் ரிப்போர்ட், காலாண்டு மதிப்பெண், கைடைப் பார்த்து எழுதிய நோட்டின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் செய்திகளை அழிக்காதீர்கள், நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நீங்களும் 1915-இல் பதிவு செய்யுங்கள். ஒரே ஏஜென்சி மேல் பல புகார்கள் இருந்தால் "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒற்றை வரியில் அவர்கள் தப்பிப்பது கடினமாகும்.