ரேஸ் ஃபிட்டா, கிளப் ஃபிட்டா? குனிந்து பார்த்து முடிவெடுங்கள்

சைக்கிள் ஓட்டும்போது போடும் ஜெர்சியில் உடம்போடு ஒட்டும் இறுக்கமான வெட்டுதான் ரேஸ் ஃபிட். அதை முதல்முறை போட்டுக் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றால் எல்லாமே தப்பாகத் தெரியும். முன்பக்கம் இடுப்புக்கு வந்ததும் முடிந்துவிடும், பின்பக்கம் மட்டும் வால்போல இறங்கும். தோளை விரித்தால் நெஞ்சை இழுக்கும். கைகள் முன்னோக்கித் திருப்பித் தைக்கப்பட்டிருப்பதால், கையைத் தொங்கவிட்டதும் அக்குளில் துணி சுருண்டு நிற்கும். "ஒரு சைஸ் பெரிசா இருக்கா?" என்று கேட்கத் தோன்றும். பலரும் கேட்டு வாங்கிக்கொண்டும் போகிறார்கள்.

கேட்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இடுப்பிலிருந்து குனிந்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். நெஞ்சின் இழுப்பு போய்விடும். வயிற்றுப்பக்கம் மடிப்பில்லாமல் படியும், அக்குள் சுருக்கம் மறையும், பின்பக்க வால் இடுப்பைச் சரியாக மூடும். அந்தத் துணியை வெட்டியதே இந்த நிலைக்காகத்தான்.

தளர்வான வெட்டான கிளப் ஃபிட் இதற்கு நேரெதிர். நின்றால் சட்டை மாதிரி அழகாக விழும், குனிந்தால் வயிற்றில் பை தொங்கும். ஆகவே கேள்வி உடம்பின் அளவைப் பற்றியது மட்டுமல்ல. சைக்கிளில் அதிக நேரம் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒல்லியானவர்களுக்குத்தான் ரேஸ் ஃபிட் என்றொரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் தொப்பை உள்ளவர் தாழக் குனிந்து வேகமாக ஓட்டுகிறவராக இருந்தால் ரேஸ் ஃபிட்தான் அவருக்குப் பொருந்தும். மெலிந்தவர் நிமிர்ந்து ஓட்டுகிறவராக இருந்தால் கிளப் ஃபிட் போதும்.

காற்று என்ன கணக்குப் போடுகிறது

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலில் தரும் சக்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் காற்றைத் தள்ளவே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளுடையது அல்ல, ஓட்டுகிறவரின் உடம்புடையது. அதோடு, காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும். இந்தக் கணக்கில் தோளிலும் முதுகிலும் படபடக்கும் துணி சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு படபடப்பும் உங்கள் காலிலிருந்து எடுத்துக்கொள்வதுதான்.

என் முதல் ஜெர்சி ஒரு சைஸ் பெரியது. நீண்ட இறக்கம் ஒன்றில் காதுக்குப் பின்னால் விடாமல் பாய் அடிப்பதுபோலச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை, தோள்பட்டைத் துணிதான். அதைவிட மோசம் பின்பாக்கெட். மழைக்கோட்டும் சின்ன பம்பும் வைத்திருந்தேன். வளைவில் சாயும்போதெல்லாம் பம்பு இடுப்பைச் சுற்றிப் பக்கவாட்டுக்கு வந்து விலாவில் இடித்தது. இறக்கத்தில் கவனம் ரோட்டில் இருக்க வேண்டிய நேரத்தில் என் கவனம் பாக்கெட்டில் இருந்தது. இறுக்கமான ஜெர்சியில் பாக்கெட் முதுகோடு ஒட்டி நிற்கும். வேகத்தைவிட அந்த நிம்மதிக்காகவே நான் ரேஸ் ஃபிட்டுக்கு மாறினேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மணிக்கு 20, 25 கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு ரேஸ் ஃபிட் தொந்தரவுதான். முன்பக்கம் மேலேறிக்கொண்டே இருக்கும், கழுத்துப் பட்டை தொண்டையை அழுத்தும், தோளில் இழுவை சேர்ந்து கடைசி ஒரு மணி நேரத்தில் எரிச்சலாகிவிடும். அப்படிப்பட்டவர் கிளப் ஃபிட்டில் தன் சரியான சைஸை வாங்குவது, ரேஸ் ஃபிட்டில் ஒரு சைஸ் கூட்டி வாங்குவதைவிட எவ்வளவோ மேல். பெரிய சைஸ் ரேஸ் ஃபிட்டில் இரண்டின் குறையும் சேர்ந்துவிடுகிறது. தோள் தொங்கும், கை நீளும், வயிறு மட்டும் அப்போதும் இறுக்கும்.

சரியான சைஸ் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? குனிந்த நிலையில் மேல்கைத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். லேசாக மட்டும் பிடிபட வேண்டும், கொத்தாக வந்தால் பெரிசு. ஜிப்பைக் கவனியுங்கள். நிற்கும்போது அலையடித்தால் பரவாயில்லை, குனிந்த பிறகும் பாம்புபோல நெளிந்தால் நீளம் அதிகம். அச்சிட்ட நிறம் தையல் ஓரங்களில் வெளுத்து, நூலின் வெள்ளை எட்டிப் பார்த்தால் சின்னது. சின்ன சைஸில் இன்னொரு சிக்கல், பக்கப் பாக்கெட்டுகள் இடுப்பைச் சுற்றி முன்னால் வந்துவிடும், கை வளைந்து எட்டாது. பிப் ஷார்ட்ஸ் (தோள்பட்டி வைத்த சைக்கிள் கால்சட்டை) போட்டுக்கொண்டு, வழக்கமாக எடுத்துப்போகும் சாமான்களைப் பாக்கெட்டில் வைத்துத்தான் பரிசோதிக்க வேண்டும். காலிப் பாக்கெட்டோடு எல்லா ஜெர்சியும் நன்றாகத்தான் உட்காரும்.

ஏரோ துணியா, வலைத்துணியா?

ரேஸ் ஃபிட் என்று முடிவான பிறகும் அதற்குள் இரண்டு கட்சி உண்டு. ஒன்று காற்றுத் தடையைக் குறைக்கும் ஏரோ ஜெர்சி. நெருக்கமாக நெய்த துணி, முழங்கையை எட்டும் கை, அந்தக் கையில் வரிவரியான மேடு பள்ளம். அந்த வரிகள் அலங்காரம் அல்ல. வழவழப்பான உருண்டைப் பொருளை ஒட்டிப் போகும் காற்று சீக்கிரமே பிரிந்துவிடும், பின்னால் அகலமான சுழல் உண்டாகி இழுக்கும். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் காற்று இன்னும் சிறிது தூரம் ஒட்டிப்போய்ப் பிரியும், சுழல் ஒடுங்கும். கோல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலையும் இதுதான். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ இதற்கு வரம்பே கட்டியிருக்கிறது. துணியின் மேடு பள்ளம் 1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதன் பந்தயங்களில் கையில்லாத ஜெர்சிக்கும் அனுமதி கிடையாது.

ஆனால் வேகம் குறையும்போது இந்த லாபமும் சுருங்கிவிடும். மலையேற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரில் போகிறவருக்குக் கையிலுள்ள வரிகளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே தேவை காற்றோட்டம். அதற்குத்தான் இரண்டாவது கட்சி, மெல்லிய வலைத்துணி ஜெர்சி. வியர்வை உடனே ஆவியாகும், உடம்பு குளிரும். முழு நீள ஜிப்பைத் திறந்துவிட்டால் இன்னும் சுகம். அதற்கான விலை இரண்டு. முதலாவது, வெயில் உள்ளே வரும். துணியை இழுக்க இழுக்கக் கண்ணிகள் விரிந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திறன் குறையும். இறுக்கமாகப் போட்ட வெள்ளை வலைத்துணிக்குள் முதுகு கன்றிச் சிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சன்ஸ்கிரீன் அதன் அடியிலும் பூச வேண்டும். இரண்டாவது, பாக்கெட்டில் கனம் வைத்தால் வலைத்துணி தொங்கும். முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் வலையாக, முதுகுப் பாக்கெட் பகுதி கெட்டித் துணியாக இருப்பதைத் தேடி வாங்குங்கள். ஒரே ஒரு ஜெர்சிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இந்தக் கலவைக்குத்தான். ஏரோ ஜெர்சி, பந்தயத்திலோ வேகக் குழுவிலோ நேரத்தை எண்ணி ஓட்டுகிறவருக்கு.

மெரினோ கம்பளியையும் பாலியெஸ்டரையும் ஒப்பிடும் பேச்சு பழசு. 1940களின் இறுதியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முன்னிலையில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் ஜெர்சி செயற்கை இழை கலந்தது என்பதால் அதைப் போட பிரெஞ்சு வீரர் லூயிசன் போபே மறுத்தார். வியர்வைக்குக் கம்பளிதான் உடம்புக்கு நல்லது என்பது அவர் கட்சி. செயற்கை நூல் நிறுவனமோ பந்தயத்தின் ஸ்பான்சர். கடைசியில் அவருக்காகக் கம்பளி ஜெர்சி அவசரமாகத் தயாரானது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் நனைந்ததாகக் காட்டாது, நாறுவதும் குறைவு. பாலியெஸ்டர் இழை உள்ளே உறிஞ்சும் ஈரம் 1 சதவீதம்கூட இல்லை, இழைகளுக்கிடையே ஈரத்தைக் கடத்தித்தான் உலர்த்துகிறது. ஆனால் நனைந்த கம்பளி கனத்துத் தொங்கும், மெல்ல உலரும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய ரேஸ் ஃபிட்டுக்கு அது சரிவராது. மெரினோவை உள்ளாடையாகவோ குளிர்கால ஜெர்சியாகவோ வைத்துக்கொள்ளலாம்.

கீழ் விளிம்புக்கு மெல்லிய சிலிகான் பட்டையா, அகலமான எலாஸ்டிக்கா? நன்றாகப் பிடிப்பது சிலிகான். தோல் சிவந்து அரிப்பவர்கள் அகல எலாஸ்டிக் எடுங்கள்.

ஆயுள் துவைப்பில்

ரேஸ் ஃபிட்டைப் பராமரிப்பதும் கிளப் ஃபிட்டைப் பராமரிப்பதும் ஒன்றல்ல. தளர்வான ஜெர்சி கொஞ்சம் நெகிழ்ந்தாலும் யாருக்கும் தெரியாது. ரேஸ் ஃபிட்டின் உயிரே அதிலுள்ள எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையில் இருக்கிறது. அந்த இழைக்குச் சூடும் ஆகாது, குளோரின் ப்ளீச்சும் ஆகாது.

ஓட்டி முடித்ததும் பையில் சுருட்டி வைப்பதுதான் முதல் கேடு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 26 பேர் ஒரு மணி நேரம் உள்ளரங்க சைக்கிள் பயிற்சி செய்தார்கள். அவர்களின் சட்டைகளை 28 மணி நேரம் மூடி வைத்த பிறகு முகர்ந்து பார்த்ததில் பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது. நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியா பாலியெஸ்டரில் செழித்திருந்தது. உடனே துவைக்க முடியாவிட்டால் தண்ணீரில் அலசி விரித்தாவது போடுங்கள். உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்து இறுகுவதற்குள் போய்விடும்.

கையால் துவைப்பதா, மெஷினா? இரண்டும் நல்லதுதான். கையால் துவைப்பவர்கள் கடைசியில் முறுக்கிப் பிழிந்து அந்தப் புண்ணியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் போதும். மெஷின் என்றால் உள்புறத்தை வெளியே திருப்பி, ஜிப்பை மேல்வரை மூடி, வலைப்பையில் போட்டு, 30 டிகிரியில் மென்மையான சுற்று. திறந்து கிடக்கும் ஜிப்பின் பற்களும் கையுறையின் வெல்க்ரோவும் மெல்லிய துணிக்கு எமன். ஒரே ஒரு முறை வெல்க்ரோ உரசி என் ஜெர்சியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு நூல் பிரிந்துவிட்டது.

ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து ஈரம் கடத்தும் வழியை அடைத்துவிடும். தொட்டால் மென்மையாகத் தெரியும், ஆனால் அடுத்த சவாரியில் வியர்வை முதுகிலேயே நிற்கும். சோப்பும் பாதி அளவு போதும். டிரையரும் இஸ்திரியும் கூடாது, நிழலில் காயப் போடுங்கள். நனைந்த ஜெர்சியைத் தோளில் மாட்டித் தொங்கவிட்டால் பாக்கெட்டின் கனம் கீழே இழுக்கும், கொடியில் இடுப்பளவில் மடித்துப் போடுவது நல்லது. வெள்ளைக் கழுத்துப் பட்டை துருநிறமாக மாறினால் பெரும்பாலும் சன்ஸ்கிரீன்தான் காரணம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அவோபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ளவை தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து அப்படிக் கறை விடும். அதற்கு ப்ளீச் போட்டால் கறை இன்னும் மோசமாகும்.

இத்தனையும் செய்தாலும் ஒருநாள் அது தளரும். விளிம்பு அலையடிக்கும், இழுத்துவிட்டால் துணி சோம்பலாகத் திரும்பும். முதுகுப் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், அறுந்த எலாஸ்டேன் நூல்கள் மெல்லிய முடிபோலச் சிலிர்த்து நிற்பது தெரியும். அன்றோடு அதை வேகமான சவாரிகளிலிருந்து நிறுத்தி, வீட்டுக்குள் பயிற்சி செய்யும் நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.