வன்னிச் சூட்டில் எந்த ரெசின்: எபொக்சியா, பொலியூரிதேனா, படகுக் கடைப் பொலியெஸ்டரா?

நான் எபொக்சிப் பக்கம் போய்விட்டவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு 1:32 அளவில் மாதிரி உழவு இயந்திரம் செய்கிறேன். 1964 இல் வெளிவந்த மாசி பெர்கூசன் 135 தான் அதிகம், வயலுக்குள் இன்னும் ஓடுகிற வண்டி என்பதால் நாடா பிடித்து அளவெடுக்க யாரையும் தேடி அலையத் தேவையில்லை. முன் சில்லு, லைற், புகைக்குழாய், இருக்கை என்று ஒரே பாகம் பல தடவை தேவைப்படும், அதற்குத்தான் வார்ப்பு: ஒரு மூலப் பாகத்தின்மேல் இறப்பர் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் ரெசினை, அதாவது கலந்து ஊற்றினால் இறுகிப்போகும் திரவப் பிளாஸ்ரிக்கை, ஊற்றிப் பிரதி எடுப்பது. ஒன்றே ஒன்று போதுமென்றால் பிளாஸ்ரிக் தகட்டில் வெட்டிச் செய்துவிட்டுப் போகலாம், ரெசின் பக்கமே வர வேண்டாம்.

அச்சைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்று ரெசினுக்கும் அது ஒன்றுதான், இரண்டு பகுதியாக வரும் சிலிக்கன் இறப்பர். அதில் வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை கொஞ்சம் சுருங்கும், சில வருடத்தில் அச்சு தானாகவே நைந்துபோகும், ஆனால் எதன்மேல் ஊற்றினாலும் இறுகிவிடும். பிளாட்டின வகை கந்தகத்தைக் கண்டால் இறுகாது. கந்தகம் கலந்த உருவக் களிமண்ணும் கெடுக்கும், லேற்றெக்ஸ் கையுறையும் கெடுக்கும். தொடங்குகிறவருக்கு வெள்ளீயம் போதும். பிளாட்டினத்தை நான் பாவித்ததில்லை, அதனால் அதன் அருமை பெருமை சொல்ல நான் ஆள் இல்லை.

பொலியெஸ்டரை முதலில் தள்ளிவிடுவோம். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் பைபர் படகுக்கு அடிக்கிற அதே சாமான், விலையும் குறைவு, அதனால் எல்லோருடைய கண்ணும் முதலில் அதில்தான் போகும். ஆனால் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8% வரை சுருங்கும். படகுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, 23 மில்லிமீற்றர் சில்லு அரை மில்லிமீற்றர் சிறுத்தால் மூலச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்ததுமே தெரிந்துவிடும். கலக்கும் கணக்கும் சின்ன வேலைக்குத் தோதில்லை: 10 கிராம் ரெசினுக்கு 1.5% ஹாட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) என்றால் 0.15 கிராம், சில துளிதான், ஒரு துளி கூடினாலே போக்கு மாறும். அந்த ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் நாற்றம் குசினி வரை வரும், அந்த ஸ்டைரீனே சிலிக்கன் அச்சையும் அரித்துக்கொண்டிருக்கும். ஹாட்னர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இறுகுவதை வேகமாக்கும் கோபால்ற் கரைசலைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் ஹாட்னரையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். சரி, அது போகட்டும்.

உண்மையான போட்டி பொலியூரிதேன். மாதிரிப் பாகங்களை வார்த்து விற்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பாவிக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. நீர்த்தன்மையாக ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரம்பும், அரை மணிக்குள் கழற்றலாம், ஒரு காலைப்பொழுதில் ஒரே அச்சிலிருந்து ஒரு வண்டிக்குத் தேவையான சில்லெல்லாம் எடுத்துவிடலாம். பல வகைகளில் கலவை சரிக்குச் சரி என்பதால் பாமசியில் வாங்கும் சிரிஞ்சே அளவைக்குப் போதும். போத்தலில் 'மூன்று நிமிடம்' என்று போட்டிருப்பது 23 பாகை போன்ற அறைக்கு, நம்முடைய 33 பாகையில் அது ஏறத்தாழப் பாதியாகும். விடியற்புறம் வார்த்தால் அதைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது ஈரம். ஒரு போத்தலில் இருக்கும் ஐசோசயனேற்று என்ற இரசாயனம் தண்ணீரோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வரும். மற்றப் போத்தலில் இருப்பதோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து ஊற்றினால் சில்லு பாண் மாதிரிப் பொங்கித் துளை துளையாக வரும். மூடியைத் திறந்த அன்றைக்கே இந்தக் கேடு தொடங்கிவிடுகிறது. பாவிக்கப் பாவிக்கப் போத்தலுக்குள் ரெசின் குறைந்து காற்றுக் கூடுகிறது, காற்றோடு ஈரமும்.

இங்கேதான் நம் கணக்கு வேறுபடுகிறது. ஒரு முன் சில்லுக்கு ஏறத்தாழ 2 மில்லிலீற்றர் போதும், நாலு பாகம் சேர்த்து ஊற்றினாலும் 10 ஐத் தாண்டுவது அரிது. கொழும்பிலிருந்து வருவிக்கிற செட் கிலோக் கணக்கில் இருக்கும். தினமும் வார்க்கிறவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் வயலோ வேலையோ ஓய்ந்த நேரத்தில் மேசைக்கு வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் போத்தல் மாதக்கணக்கில் பாதியாக நிற்கும். அதிலும் காலபோக விதைப்பு முடிந்து கை ஓய்கிற காலம் எது? மாரி. வெளியே இறங்க முடியாமல் வீட்டுக்குள் இருந்து மாதிரி செய்ய ஏற்ற நேரமும், பொலியூரிதேனுக்கு ஆகாத காற்று வீசும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

தப்ப வழி இல்லாமல் இல்லை. வாங்கியதும் சின்னப் போத்தல்களில் விளிம்பு மட்டும் நிரப்பி வைக்கலாம், இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கலாம், மூடுமுன் உலர்ந்த வாயுவை உள்ளே அடிக்கும் ஸ்பிரேயும் உண்டு. பிறிட்ஜில் வைக்கிற யோசனை மட்டும் கவனம், குளிரோடு திறந்தால் உட்சுவரில் நீர் படியும், எதற்குப் பயந்து வைத்தோமோ அதையே உள்ளே விட்டதாகிவிடும். ஆனால் இவ்வளவு காவல் வேலையும் 10 மில்லிலீற்றருக்காகவா என்பதுதான் என் கேள்வி.

எபொக்சிக்கு அந்தக் காவல் தேவையில்லை. மூடியை இறுக்கி நிழலில் வைத்தால் திறந்த போத்தலும் ஒரு வருடம் போலத் தாங்கும். ஹாட்னர் மஞ்சளாகும், அதற்கென்ன, மாசி பெர்கூசன் சிவப்பு அடிக்கப்போகிற பாகம்தானே. சுருக்கம் மிகக் குறைவு. கலந்தபின் அரை மணி போலக் கையில் நேரம் இருப்பதால் பதற்றமில்லாமல் சின்னத் தூரிகையால் முதலில் நுணுக்கமான இடங்களில் பூசிவிட்டு, அப்புறம் மெல்லிய நூலாக ஊற்றலாம்.

குறைகளும் உண்டு, சிலது தொல்லையானவை. தடிப்பான சாமான் என்பதால் குமிழி நிற்கும். மூடிய போத்தலைக் கலக்குமுன் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகி ஓடும், இந்த வெயிலுக்கு அது ஒன்றுதான் நன்றிக்கடன். கலக்கும் விகிதம் பிசகக் கூடாது. 2:1 நிறைக்கா கனவளவுக்கா என்று லேபிளைப் பார்த்தே ஆக வேண்டும், ஹாட்னர் பாரம் குறைந்தது என்பதால் இரண்டும் ஒன்றல்ல. 9 கிராம் கலவையில் ஹாட்னர் 3 கிராம்தான், ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் சமையல் தராசு இதற்கு உதவாது, நகைக்கடையில் பாவிக்கிற வகைத் தராசு வேண்டும். ஈரக் காலத்தில் காற்றுப் படும் முகத்தில் மெழுகு போன்ற படலம் வரும், சவர்க்காரத் தண்ணீரில் கழுவிவிட்டு நிறம் அடிக்க வேண்டும், கழுவாவிட்டால் நிறம் உரியும். கையுறை நைட்ரைல் தான், எபொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு போகாது.

பெரிய குறை நேரம். ஒரு நாளைக்கு ஒரு வார்ப்பு, அவ்வளவுதான். அதனால் ஒரு சில்லுக்கு ஒரு அச்சு என்று போகாமல் ஒரே அச்சில் ஆறு குழி வைத்துவிடுங்கள். புகைக்குழாய் போன்ற மெல்லிய பாகம் கழற்றியபின்னும் ஒரு நாள் வளைந்து கொடுக்கும், உள்ளே பழைய வயரிங்கிலிருந்து ஒரு செப்புக் கம்பித் துண்டை வைத்து ஊற்றினால் நிமிர்ந்து நிற்கும். சாதாரண அறைச் சூட்டில் இறுகிய எபொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும், ஆகவே முடித்த மாதிரியை மதிய வெயிலில் நிற்கும் வான் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடையில் ஒட்டுவதற்கு விற்கும் ஐந்து நிமிட எபொக்சி வேறு சாமான், அது வார்க்க உதவாது, 'காஸ்ரிங்' (வார்ப்புக்கு) என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள்.

அழுத்தப் பானை வைத்து குமிழியை நசுக்குகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும், என்னிடம் அது இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கிழமையில் ஒரு செட்டை முடித்துவிடுவோம் என்றால், அதுவும் ஆடி ஆவணியில், யோசிக்காமல் பொலியூரிதேனையே வாங்குங்கள். அப்படி ஒரு கூட்டம் கிளிநொச்சியில் சேர்ந்தால் நானும் பங்குக் காசு தருவேன்.