ஏற்காடு ரோட்டுக்கு எது: எம்எம் 540 ஜீப்பா, ஜிப்ஸியா?

பழைய ஜீப் ஒன்றை எடுத்துச் சரிசெய்து குடும்பத்தோடு ஓட்டலாம் என்று சேலத்தில் ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்: மஹிந்திரா எம்எம் 540, மாருதி ஜிப்ஸி. ஜோங்காவைக் கேட்பவர்களும் உண்டு. ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த வண்டி, ஏறத்தாழ 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கம்பீரத்தில் குறையே இல்லை. ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்கும், பாகம் தேடி ஊர் ஊராக அலைவதற்கும் வீட்டு வண்டியாகச் சரிப்படாது.

பிள்ளைகளும் வயதான அம்மா அப்பாவும் ஏறப்போகிற வண்டி என்றால் நான் ஜிப்ஸியைத்தான் சொல்வேன். அதிலும் 2000-க்குப் பிறகு வந்த, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை) எஞ்சின் உள்ள ஜிப்ஸி கிங் மாடல்.

முதல் காரணம் பிரேக். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவையும் சாயங்காலம் இறங்கியாக வேண்டும். எம்எம் 540-இல் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும், கருகல் வாடை வரும், பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு பக்கமாக இழுக்கும். ஜிப்ஸி கிங்கில் முன்பக்கம் டிஸ்க், மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரும் உண்டு. வண்டியின் எடையே சுமார் ஒரு டன்தான். எம்எம் 540-இலும் பின்னாளில் வந்த மஹிந்திரா வண்டிகளின் டிஸ்க்கை முன் அச்சில் மாட்டலாம், பலர் மாட்டியும் இருக்கிறார்கள். ஆனால் டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல வேக்குவம் (உறிஞ்சு விசை) தானாகக் கிடைக்காது. பூஸ்டர் வேலை செய்யத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். அதை விட்டுவிட்டு டிஸ்க் மட்டும் மாட்டினால் பெடல் கல்லு மாதிரி இருக்கும். எந்த வண்டியானாலும் இரண்டாவது கியரில் இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது.

அடுத்தது எஞ்சின். இழுவை என்று பார்த்தால் எம்எம் 540-இன் 2.1 லிட்டர் பெஜோ டீசல் அருமையான எஞ்சின். 62 குதிரைத்திறன்தான், ஆனால் ஆக்சிலேட்டரை அதிகம் தொடாமலே எஸ்டேட் மண் பாதையில் உருண்டு ஏறும். அந்த நிதானம் ஜிப்ஸிக்கு வராது, 1.3 லிட்டர் பெட்ரோல், சுற்றவிட்டால்தான் சக்தி. ஆனால் ஏற்காடு உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அங்கே அந்த அளவுக்குச் சோர்ந்து போகும். கார்புரேட்டர் உள்ள பழைய ஜிப்ஸி பெட்ரோலைக் கூடுதலாகக் கலந்து திணறும், பெஜோ டீசல் கறுப்புப் புகை விடும். எம்பிஎஃப்ஐ மட்டும் காற்றைப் பார்த்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கிங் என்று குறிப்பாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். கையில் சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுங்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸில், முக்கியமாகப் பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கிற இடத்தில், தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று கேட்கும். ‘டப்’ என்று அமுங்கினால் உள்ளே துரு. ஜிப்ஸியின் தகடு மெல்லியது. தரையும் கண்ணாடி ஃபிரேமின் அடிப்பகுதியும்தான் முதலில் அரிக்கும், பட்டி பூசி மறைத்திருப்பார்கள். இந்த விஷயத்தில் ஜீப் கெட்டி. லாரிக்குப் பேர்போன சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்திலேயே இருப்பதால் இரும்பு வேலைக்கு நமக்குக் கவலையில்லை. முழுத் தொட்டியையே (பாடியை) புதிதாக அடித்து வாங்கிவிடலாம்.

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து பழைய வண்டிகள் மலிவாக வருகின்றன. என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்டவேண்டிய வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

டயர் விஷயத்தில் ஆசை அளவு மீறுகிறது. ஜிப்ஸிக்குக் கம்பெனி அளவான 205/70 ஆர்15-க்குப் பதில் 215/75 போட்டால் சுற்றளவு 5 சதவீதம் கூடும், மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63. அது பரவாயில்லை. 31 அங்குல டயர் போட்டால் கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுகிறது: ஏற்றத்தில் கியர் போதாது, பிரேக்குக்குச் சுமை, வளைவில் முழுக்கத் திருப்பினால் உரசும். பாதுகாப்பு என்ற பெயரில் முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பிக்கு, அதாவது புல் பாருக்கு, அனுமதியும் இல்லை. அப்புறம், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் டிரைவைப் போடாதீர்கள், இரண்டு வண்டிக்குமே சேராது.

பின் சீட்டுக்குத்தான் பணத்தை ஒதுக்க வேண்டும். பக்கவாட்டில் உட்காரும் பெஞ்சில் பிள்ளைகளை மலை ஏற்றக் கூடாது. முன்பார்த்த சீட், மூன்று புள்ளி பெல்ட். பெல்ட்டின் பிடி தகட்டில் இல்லாமல் சேஸோடு சேர்ந்த கம்பியில் இருக்கட்டும். உள்ளே ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடு) போட்டால் தலை படும் இடமெல்லாம் கெட்டி ஸ்பாஞ்ச் சுற்ற வேண்டும். இந்த வேலைக்கு ஹார்ட் டாப் ஜிப்ஸி தோதானது. கேன்வாஸ் ஹூட் பார்க்க அழகு, மழைக்கும் பனிக்கும் ஈடுகொடுக்காது.

தாத்தா காலத்து எம்எம் 540 நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் ஷெட்டில் ஏற்கெனவே நிற்கிறதா? அப்படியென்றால் வேறு வண்டி தேடாதீர்கள். முதலில் பிரேக், அடுத்து பவர் ஸ்டீரிங், பெயிண்ட் கடைசியில். எஞ்சினை மாற்றுவதாக இருந்தால் கழற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள். ஆர்சியில் உள்ள விவரத்தை மாற்றும் வேலைகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது.