மாற்றுச் சிறுநீரகத்தோடு யாழ்ப்பாணம்: லாப், டொக்டர், மருந்துக்கடை அனுபவம்

யாழ்ப்பாணத்தில் இரத்தம் குத்திக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. சந்திக்குச் சந்தி லாப் இருக்கிறது, சிலதை விடியவே திறந்துவிடுகிறார்கள். சரியான நேரத்தில், சரியான குப்பியில் எடுப்பிப்பதுதான் பாடு. கிட்னி மாற்றியவர்கள் ஊருக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றியும் நுளம்பைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். லாப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு இருந்த வருத்தம் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, எதிர்ப்புச்சக்திப் புரதம் ஒன்று கிட்னியில் படிந்து அதைப் பழுதாக்குவது. 2013இல் ரொறன்ரோவில் மாற்றினார்கள். தந்தவர் மானிப்பாயில் இருக்கும் என் அக்கா. விசா எடுத்து வந்து, கிட்னியைக் கொடுத்து, காயம் ஆறியதும் பனிக்குப் பயந்து ஊருக்கே திரும்பிவிட்டார். இந்த யாழ்ப்பாணப் பயணத்தில் என்னை மட்டுமல்ல, அவரையும் ஒருக்கால் செக் பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன்.

ஆவணியில் போனது நல்லூர்த் திருவிழாவுக்காக மட்டும் இல்லை. மாரியில் டெங்கு கூடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போனது நினைவிருக்கும். எதிர்ப்புச்சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கும் உடம்போடு வெள்ளத்துக்குள் கால் வைக்க எனக்குத் துணிவில்லை.

முதலில் நேரக் கணக்கு. கனடாவில் காலையும் இரவும் ஒன்பது மணிக்கு, உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் தடுக்கும் குளிசை போடுகிறேன். கோடையில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். ரொறன்ரோவில் இரவு ஒன்பது என்றால் யாழ்ப்பாணத்தில் அடுத்த நாள் காலை ஆறரை. ரொறன்ரோவில் காலை ஒன்பது என்றால் யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஆறரை. ஆகவே ஒன்றையும் மாற்றவில்லை, ஆறரைக்கு ஆறரை என்று வைத்துக்கொண்டேன். ப்ரோகிராஃப் போடுபவர்களுக்கு இது சரிவரும். அட்வாக்ராஃப் ஒரு நாளைக்கு ஒரு தரம் போடுவது, அதன் கணக்கு வேறு. இரண்டிலும் இருக்கும் மருந்து டாக்ரோலிமஸ்தான் என்றாலும், ஒன்று முடிந்துவிட்டது என்று மருந்துக்கடையில் மற்றதை வாங்கிப் போடக்கூடாது. அதனால் முழுப் பயணத்துக்கும் போதுமான குளிசையைக் கைப்பையிலேயே கொண்டுபோனேன்.

டாக்ரோலிமஸின் அளவு பார்க்க, முந்தின குளிசை போட்டுப் 12 மணித்தியாலம் கழிந்து, அடுத்தது போடுவதற்குச் சற்று முன் இரத்தம் எடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு உயர்த்திக் காட்டும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால், உடம்பு மெல்ல மெல்ல கிட்னியை எதிர்க்கத் தொடங்கும். எனவே குளிசையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் போனேன்.

லாப்பில் இருந்த பிள்ளை, "சாப்பிடாமல் வந்தனீங்களோ அங்கிள்?" என்று கேட்டது.

"சாப்பாடு பரவாயில்லை பிள்ளை, குளிசை இன்னும் போடேல்லை. நேரத்தை அதில எழுதி விடுங்கோ."

சிவப்பு மூடிக் குப்பி ஒன்றில் எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அமத்தச் சொன்னது. டாக்ரோலிமஸுக்கு ஊதா மூடிக் குப்பி அல்லவா என்று கேட்டேன். இந்த மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டு இருப்பது. உறையவிட்டுப் பிரித்த நீரில் தேடினால் சரியான அளவு வராது. உறையாமல் வைத்திருக்கிற முழு இரத்தம்தான் வேண்டும், அதற்குத்தான் ஊதா மூடி. பிள்ளை உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வந்து, "ஓம் அங்கிள், நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சிரித்துக்கொண்டு இன்னொரு தரம் குத்தியது. கோபம் வரவில்லை. இந்தச் சோதனைக்கு அங்கே எத்தனை பேர்தான் வரப்போகிறார்கள்? ஆனால் கேட்கத் தெரியாத ஒருவர் போயிருந்தால், பிழையான ஒரு இலக்கத்தை நம்பிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் அளவு அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் வந்தது. டாக்ரோலிமஸைக் கொழும்புக்கு அனுப்பித்தான் பார்க்கிறார்கள். மூன்று நாள் என்றார்கள், அதற்கு மேலும் இழுத்தது. ஆகவே போய் இறங்கின கிழமையே கொடுத்துவிட வேண்டும், திரும்பி வர இரண்டு நாள் இருக்கும்போது ஓடித் திரிந்து பிரயோசனம் இல்லை. இன்னொன்று: எனக்கு வந்த ரிப்போட்டில் கிரியேற்றினின் மில்லிகிராமில் இருந்தது. கனடாவில் மைக்ரோமோல். 1.4 என்று இருந்ததை 88.4 ஆல் பெருக்கினால் 124 வரும், அது எனக்கு வழக்கமான அளவு. இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பதறிய ஆட்களை எனக்குத் தெரியும்.

சிறுநீரக டொக்டரைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நேரம் பதிந்தோம். தந்த நேரத்துக்கும் உள்ளே போன நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது ஊர் வழக்கம். பக்கத்தில் கிளிநொச்சியில் இருந்து வந்த ஒரு தங்கச்சி. தாய் கொடுத்த கிட்னி, கொழும்பில் மாற்றியது. அரச ஆஸ்பத்திரியில் குளிசை கிடைக்கும், சில மாதம் வெளியில் வாங்கச் சொல்லுவார்கள் என்றார். 2022இல் நாடு முழுக்க மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது தான் பட்ட பாட்டைச் சொன்னார்: "கடை கடையா ஏறி இறங்கினனான் அண்ணை. சோறு இல்லாட்டிலும் பரவாயில்லை, இது ஒரு நேரமும் விடேலாது." எனக்கு மருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.

டொக்டர் நல்லவர், அவசரமும் படவில்லை. கிரியேற்றினினைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "பத்து வருசம் தாண்டின ஆக்களுக்கு நான் கிட்னியை மட்டும் பாக்கிறேல்லை" என்று சொல்லி, பிரஷர் பார்த்தார், காலைப் பார்த்தார், சேட்டைக் கழற்றச் சொல்லி முதுகையும் பார்த்தார். சலத்தில் (சிறுநீரில்) புரதம் போகிறதா, வெறும் வயிற்றில் சீனி எவ்வளவு என்று எழுதித் தந்தார். எதிர்ப்புச்சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் குளிசையான பிரெட்னிசோலோனும் டாக்ரோலிமஸும் சேர்ந்து, முன்பு சீனி வருத்தம் இல்லாதவருக்கும் அதைக் கொண்டுவரும். கிட்னி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆள் இறந்துபோனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதயம். எலும்பு தேயும். புற்றுநோய் வாய்ப்பும் கூடும், அதிலும் தோல். கறுத்தத் தோலுக்கு வெள்ளையரை விட ஆபத்துக் குறைவு, ஆனால் இல்லை என்றில்லை. வெயில் படாத இடத்திலும் வரும் என்றார். அதற்காகத்தான் முதுகைப் பார்த்தது.

நல்லூரில் சேட் இல்லாமல் உள்ளே போய்க் கும்பிட்டேன், அதை விட மனம் வரவில்லை. வெளிவீதியில் மட்டும் தொப்பி, கிறீம். தண்ணீர்ப்பந்தலில் மோரும் சர்பத்தும் நீட்டுகிறார்கள், வாங்காமல் போனால் முகம் வாடுகிறது. கொதித்தாறின தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தேன்.

சனத்துக்குள் போய் வந்ததில் தடிமனும் இருமலும் பிடித்தது. வீட்டுக்குக் கிட்ட இருந்த டிஸ்பென்சரி டொக்டர் கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதிவிட்டு, என் குளிசை லிஸ்டை வாங்கிப் பார்த்தார். உடனே அதை வெட்டி அமொக்சிசிலின் எழுதினார். இளம் பெடியன், கெட்டிக்காரன். கிளாரித்ரோமைசின் ஈரலில் டாக்ரோலிமஸ் உடைவதைத் தடுத்துவிடும். இரத்தத்தில் அளவு ஏறி, கை நடுங்கி, கிட்னியே அடிவாங்கும். வயிற்றோட்டம் வந்தாலும் அளவு ஏறக்கூடும், போதாததற்கு உடம்பில் நீரும் வற்றும். ஆனால் அதே தெருவில் இருந்த மருந்துக்கடையில் உடம்பு நோ என்று சொன்னதும், ஒரு கேள்வியும் இல்லாமல் டைக்குளோபினக் என்ற நோக்குளிசை அட்டையை எடுத்து நீட்டினார்கள். கிட்னி மாற்றியவர் தொடக்கூடாத மருந்து அது. பரசிற்றமோல் கேட்டு வாங்கினேன்.

இனி அக்காவின் கதை. "எனக்கென்ன வருத்தம்? நீ உன்னைப் பார்" என்று கையை உதறினார். கொடுத்ததற்குப் பிறகு ஒரு தரம்கூட பிரஷர் பார்த்ததில்லை. ரொறன்ரோவில் கொடுத்துவிட்ட கடிதம் அலுமாரிக்குள் கிடந்தது. வருடம் ஒருமுறை என்ன என்ன பார்க்க வேண்டும் என்று அதில் வடிவாக எழுதியிருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்த ஊர் மானிப்பாய். அந்த ஊர்க்காரிக்கு லாப் ரிப்போட்டும் ஆங்கிலம்தான். யார் மேல் குறை சொல்ல?

வெற்றியாக முடிந்த உலகின் முதல் சிறுநீரக மாற்றத்திலும் இப்படி உடன்பிறந்த இரண்டு பேர்தான். 1954 டிசம்பர் 23, பொஸ்டன்; டொக்டர் ஜோசப் மரே. ஒத்த இரட்டையரில் ரொனால்ட் ஹெரிக் கொடுத்தார், ரிச்சர்ட் வாங்கினார். ஒத்த இரட்டையர் என்றபடியால் உடம்பு எதிர்க்கவில்லை. ரிச்சர்ட் தன்னைப் பார்த்த தாதியைக் கலியாணம் செய்து, பிள்ளைகளும் பெற்று, 1963 வரை இருந்தார். பழைய வருத்தமே புதுக் கிட்னியிலும் வந்துவிட்டது. ஐ.ஜி.ஏ.யும் அப்படித் திரும்பி வரக்கூடிய வருத்தம் என்பதால் சலத்தில் புரதம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கொடுத்த ரொனால்ட் 2010 வரை, 79 வயது மட்டும் இருந்தார். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எனக்கு என்ன பயம்?" என்றார். கதை எதிர்ப்பக்கம் வேலை செய்துவிட்டது.

பயப்படத் தேவையில்லைதான், ஆனால் பார்க்காமல் விடவும் கூடாது. அமெரிக்காவில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிட்னி கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 பேருக்கு வாழ்நாளில் கிட்னி முற்றாகப் பழுதாகலாம் என்று கணித்தார்கள். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் அது 14. சோதித்துத் தேர்வு செய்யாத பொதுச் சனத்தில் 326. அதாவது கொடுத்தவர்கள் இன்னமும் ஊர்ச்சனத்தை விட நல்ல நிலையில்தான் இருக்கிறார்கள், ஆனால் கொடுத்ததற்கு ஒரு விலை உண்டு.

அக்காவின் கிரியேற்றினின் நன்றாக இருந்தது. சலத்தில் புரதம் இல்லை. பிரஷர் 158க்கு 96. டொக்டர் தன்னைக் கண்டு பயந்து ஏறியிருக்கும் என்று இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பார்த்தார், அன்றும் இறங்கவில்லை. இப்போது வீட்டுக்குக் கிட்ட இருக்கும் அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி போட்டாகிவிட்டது. முதல் பக்கத்தில் ஒரு சிறுநீரகம் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதுவிக்க வேண்டியிருந்தது. பதிந்த தாதி, "எங்க செய்தது, ஏன் அம்மா ஒரு இடமும் காட்டேல்லை?" என்று கேட்டார். "ஒருத்தரும் வரச்சொல்லேல்லையே பிள்ளை" என்றார் அக்கா.

உங்களுக்கும் ஊரில் இருக்கும் யாராவது கொடுத்திருந்தால், போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரஷர், கிரியேற்றினின், சலத்தில் புரதம், இந்த மூன்றும் வருடத்துக்கு ஒருக்கால். இதற்குக் கொழும்பு தேவையில்லை, ஒரு காலைப்பொழுதில் முடியும். ரிப்போட் வந்ததும் அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.