தெரபி மையத்திலிருந்து பால்வாடிக்கு: திருவொற்றியூரில் மூன்று வருட அனுபவம்

வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கினால் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் கேட்பது "எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க?" என்றுதான். இந்த வழியில் மூன்று வருடம் வந்தபின், நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. தெரபி மையத்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், நாளைக்கு அந்தப் பிள்ளையை உட்காரவைத்துச் சோறு ஊட்டப்போகும் டீச்சருக்கும் ஆயாவுக்கும் தெரியுமா? அந்த விவரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் ஊரில் தனியாக ஆள் இல்லை. பெற்றவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தால் தெருமுனைப் பால்வாடியே நன்றாக அமையும் என்பதுதான் நான் கண்டது.

மகளுக்கு இப்போது ஐந்தரை வயது. மாநகராட்சிப் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். குறைமாதத்தில் பிறந்தவள். ஒன்றரை வயதிலும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, வார்த்தை வரவில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் கவனித்துச் சொன்னார். அங்கிருந்து ஆர்.பி.எஸ்.கே. டாக்டர், அவரிடமிருந்து ஆரம்பநிலை இடையீட்டு மையம். ஆர்.பி.எஸ்.கே. என்பது பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். பிறவிக் குறை, சத்துக் குறைவு, குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தாமதம் என்று பட்டால் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிசியோ, ஓ.டி. (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), ஸ்பீச் மூன்றும் அங்கேயே உண்டு, கட்டணம் கிடையாது.

அந்த மையத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தைதான். காத்திருப்பு நீளம், ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் பிசியோ தெரபிஸ்ட் என் மகளுக்குச் செய்ததைவிட எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம். எப்படித் தூக்குவது, கால் இரண்டையும் பின்பக்கம் மடக்கிப் பரப்பி உட்காரும் பழக்கத்தை எப்படி மாற்றுவது, பல் தேய்க்கும் நேரத்தையே நிற்கும் பயிற்சியாக எப்படி ஆக்குவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வாரத்துக்கு இரண்டு முறை கிடைக்கும் அரைமணி நேரம் பிள்ளையை மாற்றாது, வீட்டில் மீதி நேரம் என்ன நடக்கிறது என்பதுதான் மாற்றும் என்று அவர் சொன்னதை இன்றும் நம்புகிறேன்.

வடசென்னைக்காரருக்கு ஒரு கஷ்டம் உண்டு. யாரைக் கேட்டாலும் சொல்லும் இடங்கள் தெற்கே இருக்கும். முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனம், கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி.நகரில் மதுரம் நாராயணன் மையம். எல்லாம் மதிப்புள்ள இடங்கள். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கிளம்பி, நகரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினால் பிள்ளை பயிற்சிக்கு முன்பே களைத்துவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. லிஃப்ட் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, ஹாரன் சத்தம் இல்லை. சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தமே குழந்தைகள் மருத்துவமனை இருக்கும் எழும்பூர். தூரத்து மையத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டுக்குப் போங்கள், தினப்படிப் பயிற்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

இனி முக்கியமான விஷயம்: மையத்திலிருந்து பள்ளிக்கு மாறும் கட்டம். அமெரிக்காவில் 1986-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான சேவைக்கு வழி செய்தது. மூன்று முடிந்ததும் பொறுப்பு பள்ளி நிர்வாகத்துக்குப் போய்விடும். அதனால் மூன்றாவது பிறந்தநாளுக்கு 90 நாளாவது முன்னதாக, பெற்றோர் சம்மதத்தோடு, இரு தரப்பும் உட்கார்ந்து பேசவேண்டும் என்று விதியே இருக்கிறது. பிறந்தநாளுக்குள் பள்ளித் திட்டம் எழுத்தில் தயாராகிவிட வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு கோடு இல்லை. ஆரம்பநிலைப் பயிற்சி ஆறு வயது வரை உண்டு, பால்வாடி மூன்று வயதில் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் மையம் சுகாதாரத் துறையில், பால்வாடி சமூக நலத் துறையில், எல்.கே.ஜி. பள்ளிக் கல்வியில். மூன்று இடத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களைச் சேர்த்துவைக்கும் கூட்டத்தை நடத்தும்படி யாருக்கும் உத்தரவில்லை.

சட்டமும் இந்த வயதில் கொஞ்சம் கைவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. ஆனால் அது 6 வயதில்தான் தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வரைதான். மூன்று முதல் ஆறு வரைக்கு அதன் 11-ஆவது பிரிவு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் மூளையும் நாக்கும் வேகமாகப் பழகும் மூன்று வருடத்தை இப்படி விட்டுவைத்திருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முதலில் நாங்கள் பார்த்தது தனியார் பிளே ஸ்கூல் ஒன்றை. படிவம் வாங்கும் வரை சிரித்துப் பேசியவர்கள், காலில் ஸ்ப்ளின்ட் (பாதத்தை நேராகத் தாங்கும் கவசம்) போட்டிருப்பதைப் பார்த்ததும் தனி உதவியாளரை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சம்பளம் நாங்கள் கொடுக்க வேண்டும், ஃபீஸும் குறையாது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அன்று அத்தைதான், "நம்ம தெரு பால்வாடியில கேளேன், அந்த டீச்சரம்மா நல்லவங்க" என்றார்.

டீச்சர் மறுக்கவில்லை, பயந்தார். நாற்பது பிள்ளைக்கு நடுவே விழுந்துவிட்டால், புரையேறிவிட்டால் என்ன செய்வது என்றார். நியாயமான பயம். 2023 நவம்பரில் மத்திய பெண்கள், குழந்தைகள் நலத்துறை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. தாமதத்தை ஆரம்பத்திலேயே கண்டறிவது, அங்கன்வாடியிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து வைத்துக்கொள்வது, தேவையான இடத்துக்கு அனுப்பிவைப்பது என்று மூன்று படியாக அதில் இருக்கிறது. நாங்கள் சேர்த்த காலத்தில் அது வரவில்லை. இப்போது சேர்ப்பவர்கள் அதைக் கேட்டே பேசலாம்.

டீச்சரின் பயத்தைப் போக்கியது ஒரு தாள். மூன்று தெரபிஸ்ட்களிடமும் தனித்தனியாகக் கேட்டு, தமிழில், ஒரே பக்கத்தில் எழுதினேன். மருத்துவச் சொல் எதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைத் தொடுவாள். கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை காத்திருங்கள், பதில் அதற்குப் பிறகுதான் வரும். சோற்றை நன்றாக மசித்துச் சின்னக் கரண்டியில் கொடுங்கள், தலையை அண்ணாந்து வைத்து ஊட்டாதீர்கள், முட்டையின் மஞ்சள் கரு உலர்ந்து தொண்டையில் நிற்கும் என்பதால் ரசத்தில் கரைத்துக் கொடுங்கள். பாதம் தரையில் படும்படி உட்காரவைத்தால் கை வேலை செய்யும். குக்கர் விசிலுக்கு அழுவாள், காதைப் பொத்திவிட்டால் அடங்கிவிடும். கண்ணாடி வளையல் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் திரும்புவாள். இவ்வளவுதான். டீச்சர் அதை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதினேன். இந்த மூன்று வருடத்தில் நான் பயன்படுத்தியவற்றில் காசே ஆகாமல் அதிகம் உழைத்தது இதுதான்.

மையத்திலும் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கு முந்தைய ஆறு மாதம் பயிற்சியின் இலக்கை மாற்றித் தரச் சொன்னேன். அதுவரை கட்டையை அடுக்குவது, மணி கோப்பது. அதற்குப் பதிலாகப் பத்து நிமிடம் கூட்டத்தோடு உட்காருவது, டிபன் பாக்ஸ் திறப்பது, செருப்பைக் கழற்றுவது, பாத்ரூம் வருகிறது என்று கையால் காட்டுவது. ஓ.டி. தெரபிஸ்ட் இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார், பால்வாடித் தட்டையே கொண்டுவரச் சொல்லி அதில் பழக்கினார். பாத்ரூம் பழக்கம் எதிர்பார்த்ததைவிட அதிகக் காலம் எடுத்தது. டயபரோடு எடுக்கமாட்டோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு, ஆனால் அதற்காக ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். மற்றப் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்த்துத்தான் என் மகள் கற்றுக்கொண்டாள்.

தொடக்கத்தில் நேரம் இடித்தது. தெரபியும் காலையில், பால்வாடியும் காலையில். வாரத்தில் இரண்டு நாள் பால்வாடி, மீதி தெரபி என்று ஆரம்பித்து, மெதுவாகத் தலைகீழாக மாற்றினோம். முதல் சில வாரம் பேசிய வார்த்தைகள்கூட நின்றுவிட்டன. வீட்டில் எல்லோரும் பதறினார்கள். புது இடத்துக்குப் பழகும்போது இப்படிப் பின்வாங்குவது உண்டு, பொறுங்கள் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னார். வார்த்தைகள் திரும்பின. சளியும் காய்ச்சலும் அந்த வருடம் முழுக்க வந்துபோயின, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆயாம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் வாசலிலேயே நின்றதைப் பார்த்து, "புள்ள துன்றதுக்கு டைம் ஆவும், அவ்ளோதான? நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். எந்தச் சான்றிதழும் இல்லாத அந்தக் கைக்கு நான் கடன்பட்டவள்.

பொருள்களில் நீடித்து உழைத்தது எங்கள் தெரு ஆசாரி செய்த மூலை நாற்காலி, அதாவது பிள்ளை சாயாதபடி முதுகையும் இரு பக்கத்தையும் சுவர் மூலைபோல் தாங்கும் நாற்காலி. ஓ.டி. கொடுத்த அளவுக்கு, இடுப்பில் பட்டையோடு மரத்தில் செய்தது. அவள் வளர்ந்தபின் பால்வாடிக்கே கொடுத்துவிட்டோம், இப்போது வேறொரு பையன் உட்காருகிறான். படக் கார்டுகளில் கடையில் வாங்கியவை பயன்படவில்லை. எங்கள் வீட்டுத் தம்ளர், எங்கள் பால்வாடிக் கதவு, அவளுடைய செருப்பு என்று போனில் எடுத்து லேமினேட் செய்தவைதான் பேச உதவின. பேச்சுக்கு என்று போனில் ஏற்றிய செயலிகளை நிறுத்திவிட்டேன், அவள் திரையைப் பார்த்தாளே தவிர எங்களைப் பார்க்கவில்லை.

நான்கு வயதில் எல்.கே.ஜி. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் வருவார்கள், 2012 திருத்தத்தில் அது சேர்ந்தது. நாங்கள் அதை யோசித்துவிட்டு மாநகராட்சிப் பள்ளியைத் தேர்ந்தோம். காரணம் இரண்டு. நடக்கும் தூரம். இன்னொன்று, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் டீச்சர் வருவது. அவர் தினமும் வருவதில்லை, பல பள்ளிகளைப் பார்க்கிறார். வருகிற நாளில் வகுப்பு டீச்சரையும் கூட உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தனியறையில் பிள்ளையை மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மற்ற நாளில் ஒன்றும் நடக்காது.

காகித வேலை பெரிது. ஐந்து வயதுக்குள் தரும் சான்றிதழ் தற்காலிகமானது, ஐந்து முடிந்ததும் மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். இது தெரியாமல் பள்ளி, உதவித்தொகை எல்லாம் நடுவில் நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தில் திருவொற்றியூர்க்காரர் மாவட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்தோம், 2018-இல்தான் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தோம். பழைய ஆதாரில் திருவள்ளூர் என்றே இருக்கும். முதலில் ஆதாரைத் திருத்திவிட்டுப் போங்கள், இரண்டு அலுவலகமும் அலையவிடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஃபைல் முழுக்க நனைந்தது. போனில் படம் எடுத்துவைத்திருந்ததால் தப்பித்தோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது, தவறாமல் விண்ணப்பியுங்கள்.

இன்று அவள் படியில் ஒரு கையைப் பிடித்து ஏறுகிறாள், மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள், பென்சில் பிடிப்பு இன்னும் வரவில்லை. வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. மறுபடி புது டீச்சர், புது அறை, அதனால் மறுபடி அந்த ஒரு தாள். இந்த முறை மார்ச் மாதமே ஸ்பெஷல் டீச்சரையும் ஒன்றாம் வகுப்பு டீச்சரையும் ஒரே நாளில் சந்திக்கத் தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். கூடவே இரண்டு விண்ணப்பம் எழுத்தில் கொடுத்தேன். வகுப்பறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகள் கழிவறையில் கைப்பிடி வேண்டும். முதலாவதற்குச் சரி என்றுவிட்டார். கைப்பிடிக்கு மண்டல அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்.