ஒரு நாள் சுடும், ஒரு நாள் சுடாது: கீசர் கோளாறைப் பிடிக்க மூன்று வழிகள்

போன மார்கழியில் எங்கள் பல்லடம் வீட்டு கீசர் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் எல்லோருக்கும் வெந்நீர் வரும். மறுநாள் மூன்றாவது ஆள் குளிக்கப் போனால் பச்சைத் தண்ணீர். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் மறுபடியும் சுடும்.

முழுசாகச் செத்துப்போன கீசர் ஒரு தொல்லையே இல்லை. யார் வந்தாலும் என்ன போச்சு என்று சொல்லிவிடுவார்கள். வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளைச் சுற்றவிடும். மெக்கானிக் வருகிற பதினோரு மணிக்கு அது சமர்த்துப் பிள்ளையாக வேலை செய்யும். அந்த மாதத்தில் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்.

முதல் வழி, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். வந்தார், மூடியைக் கழற்றினார், "தெர்மோஸ்டாட்டுதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். தண்ணீர் போதுமான அளவு சுட்டதும் கரண்டைத் தானாக நிறுத்துகிற பார்ட் அது. மாற்றியாயிற்று. நான்கு நாள் நிம்மதி, ஐந்தாம் நாள் பழைய கதை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் கருகினால் இப்படி விட்டு விட்டு வேலை செய்வது உண்டு. விலையும் குறைவு, கடையில் உடனே கிடைக்கும். ஆனால் விட்டு விட்டு வருகிற கோளாறில், எந்த பார்ட்டை மாற்றினாலும் சில நாள் சரியானது போலத்தான் தெரியும். அந்தச் சில நாள் கோளாறு தானாகவே வராமல் இருந்திருக்கலாம். மாற்றியதால் சரியானதா, சும்மாவே சரியானதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இரண்டாவது, கம்பெனி சர்வீஸ். வருகைக் கட்டணம் கட்டினோம். வந்தவர் டேங்கைக் கழுவினார், தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றிக் காட்டினார். எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதில் சுண்ணாம்புக் காரை மாதிரி அப்பிக் கிடந்தது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைக்காரர்களுக்கு இந்த அனுபவம் குறைவு. டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிற மெக்னீசியம் ராடும் பென்சில் கணக்காக இளைத்திருந்தது. இரண்டையும் மாற்றினார். வாரண்டியில் இருக்கிற கீசர் என்றால் இந்த வழிதான் சரி, வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வேலையும் சுத்தம்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால், உப்புப் படிவு கீசரை மந்தமாக்கும், சடசடவென்று சத்தம் போட வைக்கும். தண்ணீர் தினமும் தாமதமாகச் சுடும். இன்றைக்குச் சுட்டு நாளைக்கு அடியோடு நிற்பது அதன் குணமில்லை. அவர் செய்தது தேவையான வேலைதான், எங்கள் கோளாறுக்கு மருந்தில்லை. அடுத்த வாரமே அது தெரிந்தது.

மூன்றாவது வழி, நாமே கவனித்து எழுதி, அளந்து பார்ப்பது. அதற்கு எங்கள் அம்மாயிதான், அதாவது அம்மாவின் அம்மாதான், காரணம். அவங்க காங்கேயம் பக்கத்து ஊர் வீட்டில் செம்பு பாய்லர் வைத்து, தேங்காய்த் தொட்டியும் பருத்திமாரும் போட்டுத் தண்ணீர் காய வைத்தவங்க. அதில் கோளாறு என்றால் புகையைப் பார்த்தாலே தெரியும். கீசரையும் அப்படித்தான் வேடிக்கை பார்ப்பாங்க போல. ஒரு நாள் காலையில், "கண்ணு, பச்ச லைட்டு, செவப்பு லைட்டு ரெண்டுமே அணைஞ்சு கெடக்குது" என்றாங்க. இரண்டு மெக்கானிக்குக்கும் கிடைக்காத தகவல் அது.

எங்கள் கீசரில் பச்சை என்றால் கரண்ட் வருகிறது, சிவப்பு என்றால் காயில் சூடாகிறது. தெர்மோஸ்டாட் கெட்டால் சிவப்பு மட்டும் அணையும், பச்சை எரியும். சிவப்பு எரிந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால் காயிலைச் சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்து அணைகிறது என்றால் கரண்டே கீசருக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் கோளாறு சுவரில் இருக்கிறது, நாங்கள் பணம் செலவழித்ததெல்லாம் டேங்கில்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு ஆன் செய்தது, எத்தனையாவது ஆள், எந்த லைட் எரிந்தது, அவ்வளவுதான். பத்து நாளில் ஒன்று புரிந்தது. பள்ளிக்கூட நாளில் வரிசையாக நான்கு பேர் குளிக்கும்போதுதான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு நேரம் குளிப்பதால் வருவதே இல்லை. ஆக, கரண்ட் நீண்ட நேரம் தொடர்ந்து ஓடினால்தான் கோளாறு. மெக்கானிக்குகள் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அதோடு, ஒயரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளக்கும் டாங் டெஸ்டர் ஒன்று வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள்தான். ஒயரைத் தொடாமல், வெட்டாமல், மேலே கவ்வ வைத்தே ஆம்பியர் பார்க்கலாம். ஒரே ஒரு ஒயரைத்தான் கவ்வ வேண்டும். பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), நியூட்ரல் (திரும்பிப் போகும் ஒயர்) இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் சைபர் காட்டும். முதல் நாள் நான் அப்படிச் செய்துவிட்டுக் கருவியைத் திட்டினேன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்க வேண்டும். எங்களுக்கு முதலில் சரியாகவே காட்டியது. அரை மணிக்கு மேல் போனதும் முள் குதிப்பது போல ஏறி இறங்கி, சைபருக்கு விழுந்தது.

வெறும் மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும். கரண்டை நிறுத்திவிட்டு காயிலை அளந்தால் மின்தடை 26 ஓம் என்று சுத்தமாகக் காட்டும், ஒயரிலும் தொடர்பு இருப்பதாகவே காட்டும். எல்லாம் ஆறிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்து அளவு அது.

மெயினில் எம்சிபி என்கிற பாதுகாப்பு சுவிட்சை இறக்கிவிட்டு, அதே எலக்ட்ரீஷியனை வைத்து கீசரின் 16 ஆம்பியர் சுவிட்சையும் சாக்கெட்டையும் கழற்றினோம். சாக்கெட்டில் நியூட்ரல் ஒயர் செருகிய இடத்தில் ஸ்க்ரூ தளர்ந்து, ஒயரின் மேல்தோல் பழுப்பாகக் கருகியிருந்தது. லூஸ் இணைப்பு சூடாகி விட்டுப்போகும், ஆறியதும் மறுபடி தொடும். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சுவிட்ச் பெட்டியே எரிந்திருக்கும் என்றார். புது சுவிட்ச், புது சாக்கெட், கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புது இணைப்பு. முடிந்தது.

இதேபோல விட்டு விட்டு வருகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் அது சகஜம். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் 2000 வாட் கீசர் 1225 வாட்டுக்கு வந்துவிடும். பதினைந்து லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 18 நிமிடம் ஆன இடத்தில் 30 நிமிடம் ஆகும். அப்போது இரண்டு லைட்டும் எரியும், தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். மும்முனை இணைப்பு உள்ள வீடு என்றால் பேஸை மாற்றிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், நான் நோட்டைத்தான் சொல்வேன், அதற்குக் காசு வேண்டாம். அதில் எழுதியதைக் காட்டினால் மெக்கானிக்கும் சரியான இடத்தில் கை வைப்பார். ஆனால் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அல்லது கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் இஎல்சிபி விழுகிறது என்றால் நோட்டும் வேண்டாம், டெஸ்டரும் வேண்டாம். கீசரை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். காயிலுக்குள் ஈரம் இறங்கியிருந்தால் அதுவும் இப்படித்தான் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.